திரைக்கு முன்னால் மாட்டிய மயில்

நாலடி அகலம், மூன்றடி உயரம். கருப்பு மரச்சட்டம், முன்னால் கண்ணாடி. உள்ளே இரண்டு மயில்கள். ஒன்று தோகை விரித்தது, இன்னொன்று விரிக்காதது. வரைந்த படம் இல்லை, தைத்த படம். கிராஸ் ஸ்டிச் என்று சொல்வார்கள். கட்டம் கட்டமாக இருக்கும் துணியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெருக்கல் குறி போட்டு நூலால் நிரப்ப வேண்டும். என் அக்கா ஒன்றரை வருஷம் உட்கார்ந்து அதைத் தைத்தாள். கோத்தா திங்கியில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில், ஹால் ஜன்னலுக்குப் போட்டிருந்த திரைக்கு முன்னால், கூரையிலிருந்து இரண்டு கம்பியில் அதைத் தொங்கவிட்டவன் நான்.

நான் திரை மாட்டுகிறவன். முப்பது வருஷத்துக்கு மேல் இதே வேலை. படித்தது ஆறாம் வகுப்பு வரை, லாயாங் லாயாங் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில். பிறகு குளுவாங்கில் ஒரு சீனர் நடத்திய திரைக் கடையில் சேர்ந்தேன். முதலாளியைத் தவுக்கே என்போம், திரையை லங்சீர் என்போம். அளவெடுப்பேன், ரெயில் அடிப்பேன், கொக்கி போடுவேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் டீச்சரைப் பற்றி நான் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் இறந்தபோது அவர்கள் மாதா கோயில் மலரில் ஒரு முழுப் பக்கம் வந்தது. எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார், எத்தனை வீட்டுக்கு உதவினார் என்று போட்டிருந்தார்கள். எல்லாம் உண்மை. நான் சொல்லப் போவதும் உண்மை.

டீச்சர் என்பது என் அக்காவின் மாமியார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. மெலிந்த உடம்பு. கஞ்சி போட்ட பருத்திச் சேலை. ஹாலில் ஒரு பிரம்பு நாற்காலி அவருக்கு. அதன் பக்கத்தில் சின்ன மேசை, அதன் மேல் டெலிபோன். வெளிக்கேட்டுச் சாவி இடுப்பில். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சத்தம் போடுகிறவர்களிடம் பிழைத்துக்கொள்ளலாம், எப்போது அடங்குவார்கள் என்று தெரியும். டீச்சர் தொடங்கியதும் தெரியாது, முடித்ததும் தெரியாது. வேலைக்குக் கூலியை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார். சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்கா குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தபோது மச்சானைப் பார்த்தாள். பிடித்துப்போய்விட்டது. மதம் மாறிக்கொள்ள அவளே ஒப்புக்கொண்டாள். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர், அதிகம் பேசமாட்டார். "புள்ள சந்தோசமா இருந்தா சரி" என்று மட்டும் சொன்னார். கல்யாணத்தன்று மாதா கோயிலுக்குப் புது வேட்டி கட்டி, வழக்கம்போல நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். டீச்சர் வாசலில் நின்றார். தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"நெத்தியத் தொடச்சிட்டு உள்ள வாங்க. போட்டோவுல விழும்."

உள்ளேயிருந்து பாதர் பார்த்துவிட்டுக் கையை அசைத்தார். "பரவால்ல, வாங்கய்யா, வாங்க" என்றார். டீச்சர் வாசலை விட்டு நகரவில்லை. சிரித்த முகமாகத்தான் நின்றார். அப்பா கைக்குட்டையை வாங்கி, நாலாக மடித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு போய்க் கார் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டார். பூசை முடிகிற வரைக்கும் வெயிலில் நின்றார். நான் உள்ளே இருந்தேன். என் நெற்றியைக் காலையிலேயே கழுவியிருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே கழுவினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "அந்தம்மா வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். எம்புள்ளயப் பாக்காம இருக்கவும் மாட்டேன்." கோபத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். ஆனால் சொன்னபடியே செய்தார். சம்பளம் போட்டதும் வருகிற முதல் சனிக்கிழமை, லாயாங் லாயாங்கிலிருந்து குளுவாங் போய், அங்கே பஸ் மாறி, கோத்தா திங்கிக்கு ஏறுவார். டீச்சர் வீட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். அங்கே இறங்கி, திரும்பிப் போகிற பஸ் வரும் வரை நிற்பார். அக்கா ஹால் ஜன்னல் திரையை விலக்கிவிட்டுக் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் குடையை ஒரு தரம் தூக்கிக் காட்டுவார். இவள் தலையசைப்பாள். கை ஆட்டுவதில்லை, கூப்பிடுவதில்லை. முக்கால் மணி நேரம் அப்படியே நிற்பார்கள். பஸ் வந்ததும் அப்பா ஏறிவிடுவார். அப்போது கைத்தொலைபேசி எங்களைப் போன்றவர்களிடம் கிடையாது. வீட்டு டெலிபோன் டீச்சரின் கைக்கு எட்டுகிற இடத்தில். கேட்டில் பூட்டு. மச்சான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தார், வாரம் ஒரு முறை வருவார். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியது மாதத்தில் அந்த முக்கால் மணி நேரம்தான். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. குளுவாங்கில் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கியிருந்தேன். அப்பா சனிக்கிழமை எங்கே போகிறார் என்று நான் கேட்டதில்லை.

டீச்சருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷம் வகுப்பில் நின்றவர். கடைசி பெஞ்சில் யார் யாருக்குத் துண்டுச் சீட்டு தள்ளுகிறார்கள் என்று கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே கண்டுபிடிக்கிறவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரே நேரத்தில், மருமகள் துணி மடிக்க ஜன்னலோரம் போய் நிற்கிறாள். அவர் கேட்கவில்லை, திட்டவில்லை, மகனிடம் சொல்லவும் இல்லை. காத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் அக்கா மயிலைத் தைத்துக்கொண்டிருந்தாள். தொடங்கியபோது டீச்சர் கிண்டல் செய்வாராம். ஜெபக் கூட்டத்துக்கு வந்த பெண்கள் எதிரில் துணியைத் தூக்கிக் காட்டி, "மயில் தைக்கிறா பாருங்க. முருகன வீட்டோட விட்டுட்டு வான்னா, வாகனத்தக் கூட்டிட்டு வந்திருக்கா" என்று சொல்லிச் சிரிப்பு மூட்டுவாராம். அக்காவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். வேறு என்ன செய்வாள். தைத்து முடிந்ததும் டீச்சரே அதை ஜொகூர் பாருவுக்கு எடுத்துப் போய், நல்ல சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். எல்லாரிடமும் "எங்க மருமக தைச்சது" என்றார். அக்காவுக்குப் பெருமை. கல்யாணம் ஆகி இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவளை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை.

கடைக்கு டீச்சர் போன் செய்தார். தவுக்கே என்னைக் கூப்பிட்டு, "உன் அக்கா வீடு, நீயே போ லா. லங்சீர் இல்ல, படம் மாட்டணுமாம். எதுக்கு நம்மளக் கூப்பிடுறாங்கன்னு தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை. போனேன். டீச்சர் ஒரு தாளில் அளவெல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். ஹாலில் ரோட்டைப் பார்த்த ஜன்னல் ஒன்றுதான், பெரியது. முன்பக்கத்து இன்னொரு ஜன்னல் டீச்சரின் படுக்கை அறையில். படம் ஹால் ஜன்னலின் நடுவில் வர வேண்டும் என்றார்.

"இந்தச் சுவர் காலியாத்தானே இருக்கு டீச்சர். இதுல மாட்டினா எடுப்பா இருக்கும்" என்றேன்.

"அங்க எங்க வீட்டுக்காரர் படம் வரும்."

"ஜன்னல் மறைஞ்சிடுங்க. லங்சீர இழுத்தா படத்துல இடிக்கும்."

"இழுக்கவே வேணாம்ப்பா. வெயில் பட்டா நூல் வெளுத்துடும். ஒன்றரை வருஷம் உங்கக்கா கண்ணு நோகத் தைச்சது. வீணாப் போகலாமா?"

வெயிலுக்குப் பயந்தால் ஜன்னலில் மாட்டுவானேன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வாடிக்கைக்காரர் சொன்னால் சரி என்று சொல்லிப் பழகிய வாய். கூரைப் பலகைக்கு மேலே கட்டை எங்கே ஓடுகிறது என்று விரலால் தட்டிப் பார்த்தேன். இரண்டு கொக்கி இறக்கினேன். திரைக்கு முன்னால் எதைத் தொங்கவிட்டாலும் நாங்கள் ஒரு சாண் இடைவெளி விடுவோம், துணி ஓட வேண்டுமே. டீச்சர் இரண்டு விரல் போதும் என்றார். அப்படியானால் திரையை ஒரு விரல்கடை அசைத்தாலும் சட்டம் ஆடிப் பின்னால் போய் ஜன்னல் கிரில்லில் மோதும். சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். தெரிந்துதான் கேட்கிறார் என்று அந்தத் தலையாட்டலில் இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை.

அக்கா தேநீர் கொண்டுவந்தாள். தட்டை நீட்டிக்கொண்டே மெதுவாக, "தம்பி, ஒரு சாண் தள்ளி மாட்டுடா" என்றாள்.

"அளவு நான் சொல்லிட்டேம்மா. தொழில் தெரிஞ்சவன் அவன். நீ போய் அடுப்பப் பாரு" என்றார் டீச்சர், நாற்காலியிலிருந்து.

நான் ஏணி மேல் நின்றபடி சிரித்தேன். "என்னக்கா, என் வேலைய எனக்கே சொல்லித் தர்றியா?" என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தெரியாது. தட்டை மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ஒரு சாண் தூரம்.

மாட்டி முடித்து, நேர்மட்டம் வைத்துப் பார்த்தேன். நூல் பிடித்ததுபோல நின்றது. டீச்சர் எழுந்து வந்து சட்டத்தை லேசாகத் தள்ளினார். அது பின்னால் போய்க் கிரில்லில் இடித்து, டக்கென்றது. நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தடவ தள்ளு" என்றார். தள்ளினேன். டக். "சரி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கை சுத்தமான பையன். ஆறாம் வகுப்புன்னு சொன்னா யாரு நம்புவா?" என்றார். டீச்சராக இருந்த ஒருவர் என்னைப் பார்த்து அப்படிச் சொல்கிறார். தோட்டப் பள்ளியில் பிரம்படி வாங்கியதைத் தவிர எனக்கு வேறு எதுவும் கிடைத்ததில்லை. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். அதற்குப் பிறகு அவர் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் என்னைச் சொல்லி அனுப்பினார். கோத்தா திங்கியில் வேலை என்றாலே தவுக்கே என் பெயரைச் சொல்லும்படி ஆயிற்று.

நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, அப்படி வந்த ஒரு வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். மழை. டீச்சர் வீட்டைத் தாண்டும்போது எதிரே பஸ் ஸ்டாப்பில் அப்பா நிற்பதைப் பார்த்தேன். கூரை சின்னது. ஒழுகுகிறது. அந்தக் கூரைக்குள்ளேயே குடை பிடித்து நின்றார். வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன்.

"இங்க என்னப்பா பண்றீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். மாதா மாதம் வருவதையும், அவள் ஜன்னலில் நிற்பதையும் அப்போதுதான் எனக்குச் சொன்னார். மாமரம் இல்லாத வீடு, பச்சைக் கேட்டு என்று அடையாளம் வேறு சொன்னார், எனக்குத் தெரியாதது மாதிரி. பிறகு, "நாலு மாசமாச்சு. தொறக்க மாட்டேங்குறா. வீட்டுல ஆள் இருக்கு, வெளக்கு எரியுது. தொறக்கல" என்றார்.

நானும் பார்த்தேன். ரோட்டிலிருந்து பார்த்தால் திரையின் வெள்ளை உள்துணி மட்டும் தெரிந்தது. படம் தெரியாது. திரைக்கு முன்னால் மாட்டியதை வெளியே நிற்பவன் பார்க்க முடியாது, துணி மறைத்துவிடும். டீச்சர் எதற்கு அளவெடுத்தார், எதற்கு இரண்டாம் தடவை தள்ளச் சொன்னார், அக்கா எதற்கு ஒரு சாண் கேட்டாள், எல்லாம் அந்த மழையில் எனக்கு ஒரே சமயத்தில் புரிந்தது.

"வேல இருக்கும்பா" என்றேன்.

"நாலு சனிக்கெழமையும் அதே நேரத்துக்கா?"

 வேலைக்கு நேரமாயிற்று என்று வண்டியில் ஏறினேன். படத்தைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்பதை எனக்கே நான் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொன்னால் அப்பா ரோட்டைத் தாண்டிப் போய்க் கேட்டை உலுக்குவார், அக்காவுக்குத்தான் கஷ்டம் என்று. மச்சான் காதில் விழுந்தால் குடும்பம் பிரியும் என்று. அது எதுவும் காரணமில்லை. மாட்டியது யார் என்று அவர் கேட்பார். நான் என்று சொல்ல வேண்டும். பிறகு டீச்சர் என்னை வேலைக்குக் கூப்பிட மாட்டார். கை சுத்தமான பையன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான். அன்றைக்கு நான் போன வீட்டில் ஏழு ஜன்னல். ஏழுக்கும் ரெயில் அடித்துவிட்டு, அவர்கள் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

படம் மாட்டிய பிறகு அப்பா மொத்தம் ஒன்பது மாதம் வந்தார். ஒன்பதாவது மாதம் முடிந்து ஒருநாள், நான் தோட்டத்துக்குப் போயிருந்தபோது சொன்னார். "இனி போகல. பெத்தவன் மொகம் அவளுக்கு ஆகல. சேலயும் நகையுமா பெரிய வீட்டுல இருக்கா. ரோட்டுல நிக்கிற கெழவன் அவளுக்குக் கேவலமா இருக்கும். விடு." ஜாடியிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொன்னார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. முதல் தடவை சொல்லாமல் விட்டதால் இரண்டாவது தடவை சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. முதல் தடவையே சொல்லியிருந்தால், மாட்டும்போது எனக்குத் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருஷம் மாரடைப்பில் போனார். அக்கா மச்சானோடு காரில் வந்தாள். இரண்டு மணி நேரத்தில் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிணத்தின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஏம்ப்பா வராம போயிட்ட? நான் என்ன தப்புப் பண்ணேன்? ஒரு நாளு வந்து நின்னிருக்கக் கூடாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது ஒப்பாரி. எனக்கு அது கேள்வி. பதில் தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சு அவிழாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். நல்ல முடிச்சுகள்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் டீச்சர் இருந்தார். அக்காவுக்கு ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாள். டீச்சர் கடைசி மூன்று வருஷம் படுக்கை. அக்காதான் எல்லாம் பார்த்தாள். புண் வராமல் பார்த்துக்கொண்டாள் என்று டாக்டரே சொன்னாராம். இறந்த வாரம் நான் உதவிக்குப் போயிருந்தேன். அடக்கம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அக்கா ஹாலில் தரையில் உட்கார்ந்து தன் பக்கத்துக் கதையைச் சொன்னாள். என்னிடம் அவள் அதைச் சொன்னது அன்றைக்குத்தான்.

படம் மாட்டியதற்கு அடுத்து அப்பா வருகிற சனிக்கிழமை அவள் திரையைத் தொட்டிருக்கிறாள். டக். நாற்காலியிலிருந்து, "என்னம்மா, உன் படத்த நீயே ஒடைக்கப் போறியா?" அவ்வளவுதான். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டு வேலிதான் தெரியும். ஒரு நாள் டீச்சர் தூங்குகிறார் என்று நினைத்து மறுபடி தொட்டாள். டக். டீச்சர் கண் திறக்காமல், "பழைய வீட்ட மறந்தாத்தான் இந்த வீட்டுல நீ வாழ முடியும். உனக்காகத்தான் செய்யிறேன்" என்றாராம். மனதாரத்தான் சொன்னார் என்று அக்கா சொன்னாள். அதற்குப் பிறகு மாதா மாதம் அந்தச் சனிக்கிழமை, டீச்சர் தன் அறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கேட்காமலே சொல்வாராம். "இன்னிக்கு யாரும் வரல." ஒரு மாதம் தவறாமல். ஐந்தாறு தடவை கேட்ட பிறகு அக்கா நம்பிவிட்டாள்.

"அப்பாவுக்கு வைராக்கியம் ஜாஸ்தி. மொத மாசமே நான் தெரியலன்னதும் விட்டுட்டாரு போல" என்றாள்.

இப்போது இரண்டு பாதியும் என் கையில் இருந்தன. டீச்சர் இல்லை, அப்பா இல்லை. பயப்பட ஒருவரும் இல்லை. அப்போதும் சொல்லவில்லை. ஏணி எடுத்து வருகிறேன், படத்தை இறக்கிவிடலாம் என்று மட்டும் சொன்னேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பாமலே, "கெடக்கட்டும். யாரப் பாக்கப் போறேன்?" என்றாள்.

இப்போது திரைக்கு முன்னால் படம் மாட்டுவது நாகரிகம் ஆகிவிட்டது. போன வருஷம் ஜொகூர் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள், வாடகை வீடு. அந்தப் பெண் போனில் படம் காட்டினாள். தரை வரை தொங்குகிற திரை, அதன் முன்னால் ஒரு பெரிய ஓவியம்.

"சுவர் இருக்கும்போது ஜன்னல்ல எதுக்கும்மா?" என்றேன்.

"சுவர்ல ஒரு ஆணி அடிச்சாலும் வீட்டுக்காரன் கத்துவான் அங்கிள். லங்சீர் ரெயில்லயே தொங்க விட்டா ஒரு ஓட்டையும் வேணாம். இப்ப எல்லாரும் இப்படித்தான் செய்யிறாங்க."

"எங்கம்மா வந்தா மொதக் கேள்வி இதத்தான் கேப்பாங்க. ஜன்னல எங்கடா காணோம்னு" என்றான் அவள் கணவன்.

"உங்கம்மாவ அதுக்குப் பின்னாடிதான் உக்கார வைக்கப் போறேன்" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். விளையாட்டுப் பேச்சுதான். நான் ஒரு சாண் இடைவெளி விட்டு மாட்டினேன். அவள் சோதித்துப் பார்க்கத் திரையை வேகமாக இழுத்தாள். துணி காற்றில் உப்பி, ஓவியம் ஆடி, கண்ணாடியில் மோதியது. அந்தச் சத்தம் கேட்டதும் என் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்து உருண்டது. வயசாயிடுச்சு அங்கிளுக்கு என்று அந்தப் பையன் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோத்தா திங்கிக்குப் போனேன். அக்கா பூசைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். மச்சான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

"அக்கா, அப்பா வந்தாரு."

"எங்க?"

"எதிர்ல, பஸ் ஸ்டாப்புக்கு. படம் மாட்டுன பிறகும். ஒன்பது மாசம் வந்தாரு."

"யாரு சொன்னா?"

"நான் பாத்தேன். அப்பவே."

அவள் கையில் ஜெபமாலை இருந்தது. அதைப் பெட்டியில் வைத்து மூடினாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். மழையிலா என்றாள். ஒருநாள் மழை என்றேன். குடை இருந்ததா என்றாள். இருந்தது என்றேன். அந்தக் கூரை ஒழுகுமே என்றாள். ஆமாம் என்றேன்.

"அவரு என்ன நெனச்சாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். வருஷக்கணக்காகச் சொல்லாமல் இருந்தவனுக்கு ஒரு பொய் பெரிதில்லை. "நீயே சாத்திட்டன்னு நெனச்சாரு. அவரப் பாக்க உனக்குக் கேவலமா இருக்குன்னு."

"அப்படியே நெனச்சுக்கிட்டே செத்தாரா?"

"ஆமா."

"நீ சொல்லல."

"சொல்லல."

 "வண்டியில ஏணி இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். "எறக்கு."

ஏணி கொண்டுவந்து இறக்கினேன். கம்பி துருப்பிடித்திருந்தது. கொக்கிகளைக் கழற்றினேன். கூரையில் இரண்டு ஓட்டை. அடைப்பதற்கு மாவு எடுத்தேன். வேண்டாம் என்றாள். படத்தை என் வண்டியில் ஏற்றச் சொன்னாள். ஏற்றிவிட்டு வந்தபோது அவள் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். ரெயில் இறுகிப்போய் ஓடவில்லை. எண்ணெய் விடட்டுமா என்று கேட்டேன்.  இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கொக்கிகள் தெறித்துத் திரை பாதி கிழிந்து விலகியது. கிரில்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். பஸ் ஸ்டாப் எப்போதோ போய்விட்டது. ரோட்டை அகலப்படுத்தி, அந்த இடத்தில் கார் கழுவும் கடை வைத்திருக்கிறார்கள். ஒருவன் குழாய் பிடித்துக்கொண்டிருந்தான். அவனை அவள் வெகு நேரம் பார்த்தாள். அவன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

"டீ போடுறேன். குடிச்சிட்டுப் போ" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "இனிமே இந்த வீட்டுக்கு வராத தம்பி."

தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு எவ்வளவு சர்க்கரை என்று அவளுக்குத் தெரியும், சரியாகப் போட்டிருந்தாள். குடித்தேன். ஏணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எட்டு மாதம் ஆகிறது. தீபாவளிக்கு மச்சான் போன் செய்தார், அவள் பேசவில்லை. கோத்தா திங்கியில் வேலை வந்தால் வேறு ஆளை அனுப்பச் சொல்கிறேன். படம் என் வீட்டில் பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. கூடப்பிறந்தவள்தானே, கோபம் ஆறினால் கூப்பிடுவாள் என்று என் மனைவி சொல்கிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. அக்கா கோபப்படவில்லை.